அந்தியூர்த் திருவிழாவில் கத்தி பார்த்தோம்

ஆடித் திருவிழாவுக்கு அந்தியூர் போகிறவர்கள் குருநாதசுவாமியைக் கும்பிட்டுவிட்டுக் குதிரைச் சந்தைக்குத்தான் விரைவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து சத்தி, கோபி வழியாகப் போன நாம் நின்றது இரும்புச் சாமான் கடையில். கத்தி, அரிவாள் என்றால் நமக்குக் கொஞ்சம் பைத்தியம்; வீட்டில் சிரிப்பார்கள்.

வாழைத்தார் வெட்டும் கத்தி ஒன்றை எடுத்துச் சுண்டினோம். கணீரென்றது. "லாரிப் பட்டைங்க. வாய்க்கு மட்டும் தோய்ச்சல் குடுத்திருக்கறனுங்க" என்றார் கொல்லர். முழுக்கத் தோய்த்தால் ஓங்கி வெட்டும்போது முறியும். தோய்ச்சலே இல்லாவிட்டால் நாலு தாரில் மழுங்கும். இந்தக் கைப்பக்குவம் கொங்குநாட்டுக்குப் புதிதல்ல. சென்னிமலை அருகே நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் 2000 ஆண்டுக்கு முந்தைய இரும்பு உலைகள் வெளிப்பட்டன.

விலை கேட்டோம். நம் கடையில் அட்டையில் தொங்கும் தகட்டுக் கத்தியைப்போல நாலு மடங்கு! ஆனால், பத்து நாளில் அந்தத் தகட்டுக் கத்தியைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை பிடிப்பவரும் நம்மிடம்தானே வருகிறார்?

மொத்தமாக எடுத்தால் கடனுக்குக் கிடைக்குமா என்றோம். "கரிக்காரரு எனக்குக் கடன் தர்றதில்லீங்களே" என்றார். ரொக்கம் கொடுத்து ஒரு டஜன் எடுத்து வந்தோம். வாழைத்தார் மண்டிக்காரர்கள் எட்டு வாங்கிவிட்டார்கள். ஒன்று நமக்கு, அதை விற்பதாக இல்லை.