ஓலைச்சுவடியும் எழுத்துணரியும்

மன்னாரின் கத்தோலிக்க ஊர்களில் ஆடப்பட்ட ‘மூவிராசாக்கள் நாடகம்’ போன்ற கூத்துகளின் பாடல்கள், அச்சேறுவதற்கு முன்னர் ஓலையிலும் கொப்பியிலும் படியெடுக்கப்பட்டே பேணப்பட்டன. இத்தகைய பிரதிகளைக் கணினியின் துணைகொண்டு ஆராயும் துறை எண்ணிம மனிதவியல் எனப்படும். ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் 2005 முதல் இணையத்தில் திரட்டிவரும் நூலகம் நிறுவனத்தின் பணி இத்துறைக்கு நல்லதோர் அடித்தளம். ஒளிப்படமாக உள்ள பக்கத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள், செயற்கை நுண்ணறிவின் வரவுக்குப் பின் அச்சுத் தமிழை நன்றாகவே வாசிக்கின்றது. சுவடியோ வேறு விடயம்: அதில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை, எகர ஏகார வேறுபாடு காட்டப்படுவதில்லை, சொற்களுக்கிடையே இடைவெளியும் இராது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் நிற்பதால், ‘மன்னார்’ என்னும் பெயரின் கடைசி இரு குறிகளுள் எது கால், எது ரகரம் என்பதை இயந்திரம் சூழலைக் கொண்டே கணிக்க வேண்டியுள்ளது. அக்கணிப்பு, அது மிகுதியாகப் பயின்ற பொதுத்தமிழின் பக்கமே சாயும் என்பதால், மன்னாரைச் சேர்ந்த மாதோட்டத்து வட்டார வழக்கொன்றைப் பிழையெனக் கொண்டு ‘திருத்தி’விடவும் கூடும்; மென்பொருள் தரும் பாடத்தைக் கூத்துப் பயிற்றும் ஆசானாகிய அண்ணாவியார் ஒருவரைக் கொண்டு மூலத்தோடு ஒப்புநோக்குவது இதனாலேயே தவிர்க்க முடியாததாகின்றது.