ஏட்டுச் சுவடியும் சின்ன டிஜிட்டல் கேமராவும்

மே மாத விடுமுறைக்கு நம்மில் பலர் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம். அப்படிப் போகிறவர்களிடம் ஒரு சிறு வேலையை ஒப்படைக்கவே இந்தக் கட்டுரை. உங்கள் பூர்வீக வீட்டுப் பரணிலோ, பூசை அறைப் பெட்டியிலோ, ஊர்க் கோயில் அறையிலோ ஓர் ஏட்டுக்கட்டு இருக்கலாம். அதைச் சாதாரண டிஜிட்டல் கேமராவால் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றிக் காப்பாற்றி வைக்கும் முறையை எனக்குப் பழக்கமான வரையில் சொல்கிறேன். நான் பாத்திர வியாபாரி. கல்லூரியில் இதைப் படித்தவன் அல்லன். சொல்வதெல்லாம் கையால் செய்து பார்த்தவை.

பனையோலையின் ஆயுள் நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் சில நூறு ஆண்டுகள்தான். நம் முன்னோர் அதனால்தான் பழுத்த ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதி வைத்தார்கள். சமணர்கள் நால்வகைத் தானத்தில் சாஸ்திர தானத்தையும் ஒன்றாக வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். ஒரு நூலைப் படியெடுத்துக் கொடுப்பது பசித்தவனுக்குச் சோறு போடுவதற்குச் சமம். அச்சு வந்தபின் படியெடுக்கும் பழக்கம் நின்றது. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவையும், கரையான் தின்றவையும் எத்தனையோ! உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அதற்குப் பல ஏடுகளும், கும்பகோணத்துச் சமண அன்பர்கள் சொன்ன விளக்கங்களும் அவருக்குத் துணை நின்றன. அதே ஐம்பெருங்காப்பிய வரிசையில் உள்ள வளையாபதிக்கும் குண்டலகேசிக்கும் இன்று சில பாடல்களே மிச்சம். படி இல்லாமல் போனால் நூலே இல்லை.

கேமராவைப் பற்றிப் பயம் வேண்டாம். கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் 1975-இல் செய்து காட்டிய முதல் டிஜிட்டல் கேமராவில் பக்கத்துக்கு 100 புள்ளியாக 10,000 புள்ளிகள்தான். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆயிற்று. இன்று உங்கள் அலமாரியில் தூங்குகிற 12 மெகாபிக்சல் கேமரா 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளைக் கண் இமைக்கும் நேரத்தில் பதிகிறது. செல்போனிலும் எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் சின்ன கேமராவில் ஸ்டாண்டில் மாட்ட அடியில் திருகுத் துளை உண்டு. கழற்றக்கூடிய கார்டும் உண்டு. இரண்டும் நமக்கு மிக வசதி.

இந்தப் புள்ளிக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 12 மெகாபிக்சல் படத்தின் நீளம் 4000 புள்ளி. ஓலை 40 சென்டிமீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 100 புள்ளி; 3 மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு 30 புள்ளிதான் கிடைக்கும். படிக்கலாம், ஆனால் சிரமம். அதே ஓலையை இரண்டு பாதியாக, நடுவில் 4 சென்டிமீட்டர் இரண்டிலும் வரும்படி எடுத்தால், எழுத்துக்கு ஏறக்குறைய 55 புள்ளி கிடைக்கும். இது ஏன் முக்கியம்? பழைய ஏடுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். எகர ஏகார வேறுபாடும் இராது. படிப்பவர் கீறலின் வளைவைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். அந்த வளைவு மங்கினால் பாட்டின் பொருளே போச்சு.

எடுக்கும் முறை இது. முதலில் வீட்டுப் பெரியவரிடம் அனுமதி கேளுங்கள். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டை வீட்டை விட்டு வெளியே கொண்டு போகவே வேண்டாம். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரித்து இழுக்காதீர்கள். எண்ணெய் தடவுவது, மை பூசுவது எல்லாம் சுவடிப் பாதுகாப்பு தெரிந்தவர் வேலை. கயிற்றை அவிழ்க்குமுன் கட்டை அப்படியே ஒரு படம் எடுங்கள். ஏட்டின் இடது ஓரத்தில் தமிழ் எண் இருக்கும்; அது மாறாமல் வரிசையாக அடுக்கி வையுங்கள்.

சன்னல் ஓரம், நேர் வெயில் படாத வெளிச்சம் போதும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், அது ஓலையின் வழவழப்பில் பட்டு எழுத்தை வெள்ளையாக்கிவிடும். மை ஏறாத ஏட்டில் எழுத்து வெறும் கீறலாக இருக்கும். அதற்கு ஒரு டார்ச் விளக்கை ஓலைக்கு ஏறக்குறைய படுக்கையாக, பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு கீறலும் நிழல் விழுந்து எழும்பித் தெரியும். கல்வெட்டுக்கும் இதே உபாயம்தான்.

கேமராவில் பூப் படம் போட்ட குறி ஒன்று இருக்கும். கிட்டத்திலுள்ள பொருளைத் தெளிவாக எடுக்க அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜூமில் லென்ஸ் நகர்வதுதான் உண்மை; டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்கும் வேலை. அது வேண்டாம். கேமராவை ஸ்டாண்டில் ஓலைக்கு நேர் எதிரே நிறுத்தி, 2 விநாடி டைமரை வையுங்கள். பொத்தானைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் பிடிக்கும். பிறகு முழுதும் அழுத்திக் கையை எடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். படத்தின் அளவும் தரமும் உச்சத்தில் இருக்கட்டும். தொடங்குமுன் கேமராவின் தேதியைச் சரிபாருங்கள். பேட்டரி ரொம்ப நாள் இறங்கிக் கிடந்திருந்தால் தேதி பழைய ஆண்டுக்குப் போயிருக்கும். அந்தத் தப்புத் தேதிதான் படத்தோடு பதிவாகும்.

இனி கம்ப்யூட்டருக்கு மாற்றுவது. இரண்டு வழி உண்டு. கேமராவோடு வந்த யுஎஸ்பி கேபிளைச் செருகிக் கேமராவை ஆன் செய்வது ஒன்று. பேட்டரி முழுதாக இருக்க வேண்டும், பாதியில் அணைந்தால் வம்பு. கேபிள் தொலைந்திருந்தால் கவலை இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கார்டு ரீடரில் கார்டைப் போட்டுச் செருகலாம். எனக்கு இதுவே பிடிக்கும். எஸ்டி கார்டின் பக்கத்தில் சின்னப் பூட்டு நெம்பு இருக்கிறது. அதைப் பூட்டிவிட்டுச் செருகினால் கை தவறியும் படம் அழியாது.

திரையில் டிசிஐஎம் என்ற ஃபோல்டர் தெரியும். எந்தக் கம்பெனி கேமராவானாலும் படம் அதற்குள்தான். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'காப்பி' கொடுங்கள், 'கட்' கொடுக்காதீர்கள். கம்ப்யூட்டரில் ஊர்ப் பெயரும் தேதியும் போட்ட புது ஃபோல்டர் திறந்து அதில் ஒட்டுங்கள். ஒவ்வொரு முறையும் புது ஃபோல்டர் என்பதில் ஒரு காரணம் இருக்கிறது. கேமரா படத்துக்குக் கொடுக்கும் எண் நாலு இலக்கம்; 9999 வந்ததும் மறுபடி 0001. பழைய ஃபோல்டரிலேயே ஒட்டினால் ஒரே பெயரில் இரண்டு படம் மோதும். 'மாற்றவா' என்று கம்ப்யூட்டர் கேட்க, யோசிக்காமல் 'சரி' கொடுத்தால் பழைய படம் போய்விடும்.

சரக்கு வந்தால் எண்ணிப் பார்க்காமல் வரவு வைக்க மாட்டோம் அல்லவா? இங்கும் அதே கணக்குதான். கார்டில் எத்தனை படம், ஃபோல்டரில் எத்தனை படம் என்று ஒப்பிடுங்கள். முதல், நடு, கடைசி எனச் சில படங்களைப் பெரிதாக்கி எழுத்து தெரிகிறதா பாருங்கள். பிறகு பெயர் வையுங்கள். '01-023-1' என்றால் முதல் சுவடி, 23-ஆம் ஏடு, முதல் பக்கம். முன்னால் பூஜ்யம் போட்டால்தான் வரிசை கலையாது. பாதிப் பாதியாக எடுத்திருந்தால் கடைசியில் இன்னொரு எண் சேருங்கள். எந்த ஊர், யார் வீட்டுச் சுவடி, எத்தனை ஏடு, எவை முறிந்தவை என்று ஒரு குறிப்பையும் எழுதி அதே ஃபோல்டரில் போடுங்கள்.

கடைசியாக, இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல். இரண்டு நகலும் சரியாகத் திறக்கிறது என்று பார்த்த பிறகே கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும். 'டாகுமெண்ட்' ஆக அனுப்பினால் முழு அளவில் போகும். ஹார்டு டிஸ்க்கும் சாகாவரம் பெற்றதல்ல. சில ஆண்டுக்கொரு முறை புதிய டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். முன்னோர் ஏடு பெயர்த்து எழுதியது போலத்தான் இதுவும்.

ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, சுவடிக்குச் சொந்தக்காரரிடம் கட்டாயம் கொடுத்துவிட்டு வாருங்கள். கிரந்தம், மணிப்பிரவாளம், பழங்கணக்கு என்று உங்களுக்குப் படிக்க வராததாக இருந்தாலும் சரி, எடுங்கள். இன்று நமக்குப் புரியாத ஏட்டை நாளை படிக்கத் தெரிந்த ஒருவர் வருவார். அவர் வரும்போது எழுத்து இருக்க வேண்டும், அவ்வளவுதான். நூறு ஏட்டுக் கட்டு ஒன்றுக்கு இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு நாள் வேலை. இந்த விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள்.