மலைப் பந்தயமும் பற்சில்லுக் கணக்கும்

பலாங்கொடையிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு ஹல்துமுல்லையை அணுகுமுன்னரே மலையேறத் தொடங்கிவிடுகின்றது. பெரகலைச் சந்தியில் ஒரு கிளை கொஸ்லந்தை வழியே வெல்லவாயாவுக்கு இறங்க, மற்றொன்று அப்புத்தளைக்கு ஏறுகின்றது. இவ்வழியிற் செல்லும் பேருந்தின் சாரதி வளைவுக்கு வளைவு கியரைக் குறைப்பதைத் தோட்டத்துச் சிறுவரும் அறிவர். வேகத்தை விட்டுக் கொடுத்து இழுவையைப் பெறுவதே அச்செயலின் பொருள். எஞ்சினின் வலு அதனாற் கூடுவதில்லை. அது செலவாகும் முறையே மாறுகின்றது.

அப்புத்தளைக்கு அப்பால், தியத்தலாவையில், பொக்ஸ் ஹில் எனப்படும் மண்தடத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றுள்ளன. இத்தகைய தடத்தில் நான்கு சில்லுப் பந்தய மோட்டார் சைக்கிளை, அதாவது குவாட்டை, ஓட்டுபவருக்குப் பேருந்துச் சாரதிக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு. அவருக்கும் கியர்கள் உள. எனினும் அவையனைத்தும் இறுதியில் ஒரு சங்கிலி வழியாகவே பின்னச்சைச் சுழற்றுகின்றன. அச்சங்கிலி ஓடும் இரு பற்சில்லுகளின் விகிதத்தைப் பந்தயத்துக்கு முன்னரே தெரிந்துகொள்ளல் வேண்டும். கொடி அசைந்த பின் அதனை மாற்ற இயலாது.

விகிதம் காண்பது எளிது. பின் பற்சில்லின் பற்களை முன் பற்சில்லின் பற்களால் வகுத்தலே அது. யமஹா ஒய்.எஃப்.இசட். 450 ஆர் என்னும் வண்டியில் முன்னே 14, பின்னே 38, விகிதம் 2.71. முன்னே ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினால் விகிதம் 2.92 ஆகும். அதே பயனைப் பின்புறத்திற் பெறவேண்டின் ஏறத்தாழ மூன்று பற்களைக் கூட்டி 41 ஆக்கவேண்டும். ஆதலின் பெருமாற்றத்துக்கு முன் பற்சில்லும், நுண்மாற்றத்துக்குப் பின் பற்சில்லும் ஏற்றவை என்பர். மலிவு கருதி முன் பற்சில்லையே மாற்றுவோர் பலர். ஆயின் சிறிய பற்சில்லைச் சுற்றும் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் கூடுதலாக மடிகின்றது, தேய்வும் விரைகின்றது. அம்மலிவின் விலை பின்னர் சங்கிலிக் கடையிற் செலுத்தப்படுகின்றது.

இனி டயரை நோக்குவாம். டயரும் ஒரு கியரே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மேற்கூறிய வண்டியின் பின் டயர் 20 அங்குல விட்டமுடையது. ஒரு சுற்றில் ஏறத்தாழ 63 அங்குலம் செல்லும். மோட்டோகுரொஸ் ஓட்டுவோர் விரும்பும் 18 அங்குல டயர் 56½ அங்குலமே செல்லும். பத்திலொரு பங்கு குறைவு! பற்சில்லைத் தொடாமலே, பின்னே 38 பற்களுக்குப் பதிலாக 42 பற்களைப் பூட்டியதற்கு அது நிகராகும். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 250 கிலோகிராம் நிறை எனவும், ஏற்றம் பத்துக்கு ஒன்று எனவும் கொண்டால், புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் 25 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை வேண்டும். அவ்விசையை 10 அங்குல ஆரையுடைய சில்லினாற் பெறுவதினும் 9 அங்குல ஆரையுடைய சில்லினாற் பெறுதற்கு முறுக்கம் பத்திலொரு பங்கு குறைவாகவே தேவைப்படும். இவையெல்லாம் பெயரளவு விட்டத்திற் செய்த கணக்குகள். குவாட் டயரின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு நாலைந்து இறாத்தலே. நிறை ஏறியதும் டயர் அமிழும். மெய்யான ஆரை சிறிது குறையும். ஆகவே வண்டியில் ஓட்டுநரை அமர்த்தி, ஒரு சுற்று உருட்டி, நிலத்திற் கோடிட்டு அளப்பதே தக்கது.

மலைநாட்டுக்கு உரிய வேறொரு காரணமும் உண்டு. ஆயிரம் அடி உயரத்துக்கு எஞ்சின் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு வலுவை இழக்கும். காற்று ஐதாதலே காரணம். தியத்தலாவை 4,000 அடிக்கு மேற்பட்டது. எனவே எட்டிலொரு பங்களவு வலு அங்கே இல்லையெனக் கொள்ளலாம். களுத்துறைக் கட்டுக்குருந்தையின் கடலோரத் தார்த்தடத்துக்குப் பொருத்திய விகிதத்தை அப்படியே மலைக்குக் கொணர்ந்தால், வண்டி வளைவிலிருந்து வெளியேறும்போது சோர்ந்து இழுக்கும்.

அங்ஙனமாயின் விகிதத்தை விரும்பியவாறு உயர்த்தலாமோ எனின், ஆகாது. மண் ஏற்கும் இழுவைக்கு எல்லையுண்டு. மழையில் நனைந்த மண் மிகக் குறைவாகவே ஏற்கும். எல்லை கடந்த முறுக்கம் சில்லை வீணே சுழற்றும். 1924இற் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையை அமைத்தோர், உருக்கின்மேல் உருக்கு வழுக்குதலை எண்ணி, 44 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்துடன் நின்றனர். பந்தயத் தடம் அமைப்போரிடம் அவ்விரக்கத்தை எதிர்பார்த்தல் வீண். வேறு தடையும் உண்டு: 42 பற்களுள்ள பற்சில்லின் விட்டம் 8⅓ அங்குலம். 18 அங்குல டயருடன் அதைப் பூட்டினால், பற்சில்லுக்கும் தரைக்கும் இடையே ஐந்து அங்குலமும் இராது. குண்டுங்குழியுமான தடத்தில் ஒரு கல்லே சங்கிலியைக் கழற்றப் போதும்.

சிறிய டயரின் மெய்யான சிறப்பு வேகத்தில் இல்லை, நிலைபேற்றில் உள்ளது. வண்டி ஓர் அங்குலம் தாழ்வதால் வளைவிற் கவிழும் அச்சம் குறைகின்றது. பந்தயக் குவாட்டின் பின்சில்லுகள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டவை. வளைவில் வெளிச்சில்லு கூடுதலாகச் சுழல வழியில்லை. ஆகவே ஏதேனும் ஒரு டயர் சறுக்கியே திரும்பவேண்டும். அச்சறுக்கல் ஓட்டுநரின் கைக்குள் அடங்குமாறு டயரைத் தெரிவதே இக்கலையின் உயிர்நிலை. 2024 ஏப்பிரல் 21ஆந் திகதி பொக்ஸ் ஹில் பந்தயத்தில் தடத்தை விட்டு விலகிய கார் மக்கள் நின்ற இடத்திற் பாய்ந்ததில் ஏழு பேர் மாண்டனர். இருபதின் மேற்பட்டோர் காயமுற்றனர். அது கார்ப் பந்தயமே. பற்சில்லுக் கணக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் தடத்தின் ஓரத்தில் மனிதர் நிற்கின்றனர் என்பதை டயர் தெரிபவரும் மறக்கலாகாது.

பயிற்சி ஓட்டத்திற் சரிபார்க்கும் முறை இது: தடத்தின் மிக நீண்ட நேர்பகுதி முடியுமுன்னரே கடைசிக் கியரில் எஞ்சின் தன் உச்சச் சுழற்சியை அடைந்துவிடின், பின்னே ஓரிரு பற்களைக் குறைக்க வேண்டும். அந்நேர்பகுதியிற் கடைசிக் கியரே தேவைப்படவில்லையெனின், கூட்ட வேண்டும். டயரை மாற்றிய அன்று இக்கணக்கைத் தொடக்கத்திலிருந்தே மீண்டும் செய்தல் வேண்டும்.