இரண்டு இரவு பஸ்களுக்கு நடுவே கொழும்பு

கொழும்பின் பழைய நகரத்தை ஒரே பகலில் நடந்து பார்த்துவிடலாம். மாநகர சபை எல்லைக்குள் உள்ள நிலமே 37 சதுர கிலோமீற்றர்தான். அதிலும் கொச்சிக்கடை, புறக்கோட்டை, கோட்டை, கொம்பனித்தெரு, காலிமுகத்திடல் ஆகியவை துறைமுகத்தை ஒட்டி நெருக்கமாகக் கிடக்கின்றன. மாட்டுவண்டிக் காலத்தில் உருவான தெருக்கள் என்பதால் இன்றும் அங்கே ஓட்டோவை நடப்பவர் முந்திவிடுவார்.

தம்பிலுவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்தவர்களுக்கு இப்படியொரு பகல் தேடாமலே வாய்க்கிறது. கடவுச்சீட்டு, வெளிநாட்டு வேலை, வைத்தியப் பரிசோதனை என்று ஏதாவதொன்றுக்காக இரவு பஸ் ஏறி, விடியுமுன் புறக்கோட்டையில் இறங்கி, அடுத்த இரவு பஸ்ஸில் திரும்புவது வழமை. வேலை சீக்கிரம் முடிந்தாலும், 'நாளைக்கு வாங்க' என்று சொல்லிவிட்டாலும் நடுவில் ஒரு பகல் மிஞ்சும். பெரும்பாலும் அது பஸ் நிலையத்து வாங்கிலோ வெள்ளவத்தை உறவினர் வீட்டிலோ கழிந்துவிடுகிறது. உகந்தையிலிருந்து காட்டுவழியே கதிர்காமம்வரை பாதயாத்திரை போகிற ஊர்க்காரர்கள், கொழும்பில் அரைக் கட்டைத் தூரத்துக்கு ஓட்டோ பிடிப்பது வேடிக்கைதான்.

கொழும்பில் நடப்பவரைக் களைக்கவைப்பது தூரமல்ல, வெயில். ஆகவே பார்க்கும் இடங்களைச் சூரியனை அனுசரித்து அடுக்க வேண்டும்: காலையில் கோயிலும் கடைத்தெருவும், உச்சிவெயிலில் கூரையுள்ள இடம், மாலையில் கடற்கரை. புறக்கோட்டையில் தொடங்கி அங்கேயே முடிகிற இந்தச் சுற்று ஏறக்குறைய 15 கிலோமீற்றர் வரும். டிசம்பர் முதல் மார்ச் வரையான மாதங்கள் இதற்கு உகந்தவை. கிழக்கில் மாரிமழை கொட்டும் டிசம்பரிலும் கொழும்பு பெரும்பாலும் காய்ந்திருக்கும். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் குடையில்லாமல் புறப்படக்கூடாது. பஸ்ஸால் இறங்கிய கையோடு திரும்பும் ஆசனத்தைப் பதிவுசெய்து, பெரிய பையை எங்காவது ஒப்படைத்துவிட்டால் பாதிச் சுமை குறைந்துவிடும்.

முகவரி தேடுவோருக்கு கொழும்பின் இலக்கங்கள் கைகொடுக்கும். நகரம் 1 முதல் 15 வரை தபால் வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கடைப் பலகைகளில் அந்த எண் இருக்கும். ஆனால் எண்கள் வரிசையாக நகர்வதில்லை. கோட்டை 1, அதை ஒட்டிய புறக்கோட்டை 11. கொச்சிக்கடை 13, வெள்ளவத்தை 6, கறுவாத்தோட்டம் 7.

விடியற்காலையில் கடைகள் பூட்டிக் கிடக்கும், கோயில்கள் திறந்திருக்கும். அதனால் முதலில் வடக்கே கொச்சிக்கடைக்கு நடப்பதே புத்தி. 1857இல் பொன்னம்பல முதலியார் நிறுவிய பொன்னம்பலவாணேசர் கோயிலை, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையில் முழுவதும் கருங்கல்லால் எழுப்பினார். உள்ளே சாயம் பூசிய சுதைச் சிற்பங்கள் இல்லை. எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் கல் மட்டுமே தெரியும். கீழ்மாகாணத்தின் வண்ணக் கோபுரங்களுக்குப் பழகிய கண்ணுக்கு இது வேறொரு உலகம். அண்மையில் உள்ள புனித அந்தோனியார் தேவாலயத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தவரும் வருவார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு நடந்த தேவாலயங்களில் இதுவும் ஒன்று.

அங்கிருந்து சிறிய மேடொன்றில் ஏறினால் வுல்ஃபெண்டால் தேவாலயம். 1749இல் அடிக்கல் நாட்டி 1757இல் முடிக்கப்பட்ட ஒல்லாந்தர் கட்டடம் இது. பெயரின் பொருள் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையில் ஓநாய் ஏது? சதுப்பில் திரிந்த நரிகளைத்தான் வெள்ளைக்காரர் அப்படி நினைத்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள்.

மேட்டிலிருந்து இறங்கினால் செட்டியார் தெரு. நகைக்கடைகள் இரும்புக் கதவுகளை உயர்த்தும் நேரமாகியிருக்கும். நாட்டின் தங்க விலையைப் பத்திரிகைகள் 'செட்டியார் தெரு விலை' என்றுதான் எழுதுகின்றன. பழைய, புதிய கதிரேசன் கோயில்கள் இரண்டும் இந்தத் தெருவில்தான். ஆடிவேல் இரதம் புறப்பட்டு பம்பலப்பிட்டிவரை போவதும் இங்கிருந்தே.

தெருமுனை தாண்டியதும் பழைய நகர மண்டபம். 1873இல் எழும்பிய இதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரைக்கார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பிற்பகலிலும் இவர் குறுக்கிடுவார்.

இனிப் புறக்கோட்டை. ஆங்கிலேயர் இதை 'பெட்டா' என்றது தமிழின் 'பேட்டை'யைத்தான். தமிழர் அதை விட்டுவிட்டுக் கோட்டைக்குப் புறத்தே உள்ளது என்ற பொருளில் புறக்கோட்டை என்கிறார்கள். இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு சரக்கு. நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம், பருப்பு, செத்தல் மிளகாய் மூட்டை மூட்டையாக இறங்கும். கேபோஸ் ஒழுங்கையில் சித்த, ஆயுர்வேத மருந்துச் சரக்கு. வேர், பட்டை, திப்பிலி வாசம் கடைக்குப் பத்து அடி முன்னரே மூக்கைத் தொட்டுவிடும். பாரம் ஏற்றிய கைவண்டியைத் தள்ளி வருபவர் 'நாட்டாமை'. தமிழ்நாட்டில் ஊர்ப் பெரியவரைக் குறிக்கும் சொல் இங்கே சுமை தூக்குபவருக்கு வந்துசேர்ந்திருக்கிறது. எப்படியானாலும் அவருக்கு வழிவிட்டுத்தான் ஆகவேண்டும்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக எழுந்து நிற்பது ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல். சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும் சிவப்புப் பள்ளி என்றும் சொல்வார்கள். 1908இல் தொடங்கி அடுத்த ஆண்டு முடிந்தது. வரைந்தவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை, கட்டடக்கலை படித்தவரல்லர். தெருவின் மறுபக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் மாதுளம்பழம் போன்ற குவிமாடங்களும், முறுக்கிய தூண்களும், செங்கல்லை வெட்டி அடுக்கினாற்போன்ற வரிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்போவது தெரியும். தொழுகை நேரம் தவிர்த்துப் போனால் மற்றவர்களும் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் தெருவே ஜும்ஆவுக்கு ஒதுங்கிவிடும், பல கடைகளும் சாத்தியிருக்கும்.

பிரதான வீதியின் முடிவில், பம்பாய்ப் பார்சிக் குடும்பம் ஒன்று 1923இல் எழுப்பிய கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கடந்தால் கோட்டை. பெயரில்தான் கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்த மதிலை ஆங்கிலேயர் 1869க்கும் 1871க்கும் இடையில் இடித்துவிட்டனர். எஞ்சியவற்றில் பழையது ஒல்லாந்தர் வைத்தியசாலை, இப்போது உணவகங்கள் நிறைந்த இடம். விலையைப் பார்த்துவிட்டு, அலுவலக ஊழியர்கள் வாங்கும் சோற்றுப் பார்சலை நாடுவதே மேல். சதாம் வீதிச் சந்தியில் நடுவீதியில் நிற்கும் மணிக்கூடு ஒரு காலத்தில் வெளிச்சவீடு. 1857இல் மணிக்கூடாக எழுந்து, 1867இல் விளக்குப் பெற்றது. சுற்றிவரக் கட்டடங்கள் உயர்ந்து கடலுக்கு ஒளி எட்டாமல் போகவே 1952இல் விளக்கு நிறுத்தப்பட்டது. அடியில் நின்று நாற்புறமும் பார்த்தால் காரணம் விளங்கும். கடல் எங்கே என்றே தெரியாது.

உச்சிவெயிலில் கோட்டையிலிருந்து நூதனசாலைக்கு நடப்பது மூன்று கிலோமீற்றருக்கு மேற்பட்ட தண்டனை. இந்தத் துண்டுக்கு மட்டும் மஹரகம போகும் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக்கொள்வது குற்றமல்ல. அந்த பஸ் பின்னர் பிடிக்கும் ஹைலெவல் வீதிதான் இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் சுற்றி, அக்கரைப்பற்று, கல்முனை ஊடாக மட்டக்களப்பில் முடியும் ஏ4 பெருந்தெரு.

தேசிய நூதனசாலை 1877 ஜனவரி 1இல் ஆளுநர் வில்லியம் கிரகெரியால் திறக்கப்பட்டது. கட்டியவர் மறுபடியும் வாப்பிச்சி மரைக்கார். திறப்புவிழாவில் என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்டதாகவும், வெள்ளிக்கிழமைகளில் இதை மூடவேண்டும் என்று மட்டும் மரைக்கார் கேட்டுக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு. உள்ளே கண்டி அரசரின் சிம்மாசனத்தைச் சுற்றித்தான் கூட்டம். ஆனால் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் நின்று பார்க்கவேண்டியது காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே நிறுத்திய இக்கல்லின் காலம் 1409. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரையில் கோயில்கொண்ட தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்குமாகக் காணிக்கை சொல்லப்படுகிறது. கொண்டுவந்தவரோ முஸ்லிம். மூன்று பகுதியிலும் காணிக்கைப் பொருட்கள் ஏறக்குறைய ஒன்றே. 1911இல் கண்டெடுத்தபோது இது ஒரு மதகை மூடும் பலகையாகக் கவிழ்ந்து கிடந்தது. எழுத்துகள் தேய்ந்துவிட்டன, பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் சில வரிகள் தட்டுப்படும்.

வெளியே வந்தால் விகாரமகாதேவி பூங்காவின் நிழல். ஒரு மணிநேரம் காலை நீட்டிக்கொள்ளலாம். பிறகு கங்காராம விகாரையையும், பேரை வாவியின் மேல் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமாமாலகத்தையும் தாண்டிக் கடலை நோக்கி நடக்கலாம்.

ஐந்தரை மணிக்குள் காலிமுகத்திடலை அடைந்துவிட வேண்டும். கடலோர நடைபாதையை 1859இல் முடித்தவர் ஆளுநர் ஹென்றி வார்ட். கொழும்புப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பேணுமாறு பின்வரும் ஆளுநர்களைக் கேட்டு அவர் வைத்த கல் இன்னும் அங்கே நிற்கிறது. 2022இல் நாட்டையே உலுக்கிய போராட்டக் கூடாரங்கள் நின்றதும் இந்தப் புல்வெளிக்குப் பக்கத்தில்தான். வடக்கே கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் துறைமுக நகரம் பழைய தொடுவானத்தில் பாதியை மறைத்துவிட்டது. பருப்பு வடையின் மேல் முழு இறால்கள் மீசையோடு பதிந்த 'இஸ்ஸோ வடை' தள்ளுவண்டிகளில் சூடாகக் கிடைக்கும். கடைக்காரர் அதைத் துண்டாக்கி, வெங்காயமும் காரச் சாறும் போட்டுக் கடதாசியில் தருவார். கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். இங்கே கடலுக்குள் இறங்கும். ஆறு, ஆறரைக்குள் அது முடிந்துவிடும்.

1930இல் திறந்த பழைய நாடாளுமன்றத்தின் தூண்களை இடப்பக்கம் விட்டு வடக்கே நடந்தால் புறக்கோட்டை அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். வலப்பக்கத்தில் தாமரைக் கோபுரம் நிறம் மாறிக்கொண்டிருக்கும். பஸ் நிலையத்தில் நடத்துநர்கள் 'அக்கரைப்பற்று, கல்முனை' என்று கூவத் தொடங்கியிருப்பார்கள். பஸ் புறப்படுமுன் ஒரு பிளேன்ரீ குடிக்கவும் செருப்பைக் கழற்றிக் காலைத் துடைக்கவும் நேரமிருக்கும்.