ஜீப்பின் இரண்டாவது கம்பி ஏன் இறுகிக்கொள்கிறது?

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துச் சென்றது. வெள்ளம் வடிந்தால் மிஞ்சுவது சேறு. பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை செல்லும் வண்டி சேற்றில் சிக்கினால், அச்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும். அங்கே கைகொடுப்பது நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப்.

மாணவர்களே! நம் நாட்டில் 1947 முதல் மகிந்திரா நிறுவனம் ஜீப்புகளை உருவாக்கி வந்துள்ளது. அத்தகைய வண்டியில் கியர்க் கம்பிக்கு அருகே இன்னொரு கம்பியும் இருக்கும். அது 'டிரான்ஸ்பர் கேஸ்' என்னும் பெட்டியை இயக்குகிறது. கம்பியைத் தள்ளினால், பெட்டிக்குள் பற்கள் கொண்ட ஒரு வளையம் நகர்ந்து, முன் அச்சுக்குச் செல்லும் தண்டையும் பின் அச்சுக்குச் செல்லும் தண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும்.

சேற்றைத் தாண்டித் தார்ச்சாலைக்கு வந்ததும் பூட்டை விடுவிக்க வேண்டும். சில சமயம் கம்பி அசையவே அசையாது. துருப் பிடித்துவிட்டதா? பல் உடைந்துவிட்டதா? பெரும்பாலும் இரண்டும் இல்லை. காரணத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே தூரம் 2 மீட்டர் என்று கொள்வோம். வண்டி வட்டமாகத் திரும்புகிறது. பின் அச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்கிறது. முன் அச்சின் நடுப்புள்ளி செல்லும் ஆரம் என்ன? பிதாகரஸ் தேற்றப்படி 25 + 4 = 29; அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 5.39 மீட்டர். ஒரு முழு வட்டத்தில் முன்சக்கரங்கள் சுமார் 2.4 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். ஜீப் சக்கரத்தின் ஒரு முழுச் சுற்றைவிட இது அதிகம்!

ஆனால் இரு தண்டுகளும் பூட்டப்பட்டுள்ளனவே! சேற்றில் சக்கரங்கள் வழுக்கி இந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் அவ்வளவாக வழுக்க முடியாது. எனவே ஈரத்துணியைப் பிழிவதுபோல் தண்டுகள் முறுக்கேறுகின்றன. அந்த முறுக்கு விசை பற்களை ஒன்றோடொன்று அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். அதனால் வளையம் நகர மறுக்கிறது.

இப்போது கம்பியைச் சுத்தியலால் அடித்தால் கம்பியோ அதன் இணைப்போ வளைந்துவிடலாம். அனுபவமுள்ள ஓட்டுநர் என்ன செய்வார் தெரியுமா? ஸ்டியரிங்கை நேராக வைத்து, வண்டியை மெதுவாகப் பின்னோக்கிச் செலுத்துவார். முறுக்கு அவிழும். அல்லது ஒரு பக்கச் சக்கரங்களை மணலில் ஏற்றி, அவை வழுக்க இடம் கொடுப்பார். பற்கள் தளர்ந்த நொடியில் கம்பி எளிதாக நழுவிவரும்.

அப்போதும் வராவிட்டால், பழுது வெளி இணைப்பில் இருக்கலாம். பட்டறையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து வண்டியை அசையாமல் நிறுத்துவார்கள். பிறகு மெக்கானிக் அடியில் சென்று இணைப்பைக் கழற்றி, பெட்டியிலிருந்து வெளியே நீளும் தண்டைக் கையாலேயே நகர்த்துவார். சில புதிய வண்டிகளில் கம்பிக்குப் பதில் ஒரு சிறு மின்மோட்டார் இவ்வேலையைச் செய்கிறது. மோட்டார் பழுதானால் அதைக் கழற்றிவிட்டு ஸ்பேனரால் திருப்புவதுண்டு. இது பழகியவர்களின் வேலை. நீங்கள் வண்டிக்கு அடியில் செல்லக் கூடாது.

இதே தத்துவத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். கதவைத் தாழிட்டு, ஒரு நண்பரை வெளியிலிருந்து கதவைத் தள்ளச் சொல்லுங்கள். தாழ்ப்பாளை இழுத்துப் பாருங்கள், வராது. அவர் கையை எடுத்ததும் மீண்டும் இழுங்கள். ஒரே விரலால் திறந்துவிடுவீர்கள். தாழ்ப்பாள் அதேதான், அதன்மேல் இருந்த அழுத்தம்தான் போய்விட்டது.