பாக்கெட்டுக்கு 67 நானோ வினாடி

மும்பையின் ஜூலை மழையில் குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவே தண்டவாளம் மூழ்கினால் மத்திய ரயில்வே நின்றுவிடும். சுனாபட்டியில் தண்ணீர் ஏறினால் செம்பூர் வழியாக ஓடும் ஹார்பர் லைனும் அவ்வளவுதான். அடுத்த சில நிமிடங்களில் மாதுங்கா, தாராவி, செம்பூர் எங்கும் ஒரே பேச்சுதான்: "வண்டி நின்னுடுச்சு, வர லேட்டாகும்." எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் போன் போடுகிறார்கள்.

4ஜி, 5ஜி போன்களில் இந்தப் பேச்சு தரவுப் பாக்கெட்டுகளாகவே பயணிக்கிறது. 2016 செப்டம்பர் 5 அன்று சேவையைத் தொடங்கிய ஜியோ, பேச்சுக்கென்று தனியாக 2ஜி, 3ஜி எதையும் வைத்துக்கொள்ளவில்லை. முதல் நாளிலிருந்தே எல்லாம் 4ஜி வழியே பேசும் வோல்ட்இதான். இந்த முறையில் பேச்சு 20 மில்லி வினாடித் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. அதாவது, ஒருவர் பேசும்போது வினாடிக்கு 50 பாக்கெட். ஒரு லட்சம் அழைப்புகள் ஒரே நேரத்தில் நடந்தால், இரு திசையையும் சேர்த்து வினாடிக்கு ஒரு கோடி பாக்கெட் வரை வரும். ஒவ்வொன்றும் அளவில் மிகச் சிறியது. எண்ணிக்கைதான் மலைக்க வைக்கிறது.

இவற்றைப் பிரித்து அனுப்பும் வேலையை ஒரு காலத்தில் அதற்கென்றே செய்த விலையுயர்ந்த பெட்டிகள் பார்த்துக்கொண்டன. 2012 அக்டோபரில் உலகின் 13 தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. அந்தப் பெட்டிகளின் வேலையைச் சாதாரண சர்வர்களில் ஓடும் மென்பொருளிடம் ஒப்படைப்போம் என்பதே அதன் சாரம். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட வோடஃபோன் ஐடியாவும் அந்த வழியில் சென்றது. ரெட் ஹேட் நிறுவனத்தின் ஓபன்ஸ்டாக் மென்பொருளைக் கொண்டு 'யுனிவர்சல் கிளவுட்' என்ற பெயரில் தனக்கான கிளவுடை அமைத்தது. ஓபன்ஸ்டாக், 2010இல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். சொந்த சர்வர்களை ஒரு தனியார் கிளவுடாக மாற்றித் தருவது அதன் வேலை.

இடையில் வரும் தாமதம்

கிளவுடில் ஒரு சர்வருக்குள் மென்பொருளால் ஆன பல மெய்நிகர் கணினிகள் ஓடும். ஆனால், வெளி உலகோடு பேச அவற்றுக்கு இருப்பதோ சர்வரில் செருகிய ஓரிரு நெட்வொர்க் கார்டுகள்தான். அதனால் சர்வரின் இயங்குதளத்துக்குள் ஒரு மென்பொருள் ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கும். வரும் பாக்கெட் ஒவ்வொன்றையும் அது வாங்கி, யாருக்கு என்று பார்த்து, அந்த மெய்நிகர் கணினியின் நினைவகத்தில் நகல் எடுத்து வைக்கும்.

இணையதளம் நடத்தவும் அலுவலகக் கணக்கு பார்க்கவும் இது தாராளமாகப் போதும். பேச்சுப் பாக்கெட்டுகளின் கணக்கு வேறு. ஈத்தர்நெட்டில் மிகச் சிறிய பாக்கெட் 64 பைட். முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளியோடு சேர்த்து 84 பைட். 10 கிகாபிட் இணைப்பு ஒன்றில் இப்படி வினாடிக்கு 1 கோடியே 48 லட்சம் பாக்கெட் வர முடியும். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67 நானோ வினாடி. 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரின் ஒரு கோர் அந்த நேரத்தில் 200 முறைதான் துடிக்கும். முதன்மை நினைவகத்துக்கு ஒருமுறை போய்வரவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் பிடிக்கும். நகலெடுக்கவும் முகவரி பார்க்கவும் நேரம் எங்கே இருக்கிறது?

கார்டே பிரித்துக் கொடுத்தால்?

பிசிஐ-சிக் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு 2007இல் இதற்கு ஒரு வழியைத் தரநிலையாக வெளியிட்டது. பெயர் எஸ்ஆர்-ஐஓவி. நெட்வொர்க் கார்டே தன்னைப் பல கார்டுகளாகக் காட்டிக்கொள்ளும். அசல் கார்டுக்குப் பிசிக்கல் ஃபங்ஷன் என்று பெயர். அதிலிருந்து பிறப்பவை விர்ச்சுவல் ஃபங்ஷன்கள். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரியும் பாக்கெட்டுகள் காத்திருக்கத் தனி வரிசையும் உண்டு. அதில் ஒன்றை ஒரு மெய்நிகர் கணினியிடம் நேராகக் கொடுத்துவிடலாம். யாருக்கு எந்தப் பாக்கெட் என்று பிரிப்பதைக் கார்டில் உள்ள சில்லே செய்து, அந்தக் கணினியின் நினைவகத்தில் நேராக எழுதிவிடும்.

பொதுக் குழாயடியில் ஒருவர் நின்று எல்லா வீட்டுக் குடங்களையும் நிரப்பிக் கொடுப்பது பழைய முறை. அதே மெயின் பைப்பிலிருந்து வீட்டுக்கு வீடு கிளைக் குழாய் போட்டுத் தருவது எஸ்ஆர்-ஐஓவி. மெயின் பைப்பில் வரும் தண்ணீர் கூடவில்லை; கைமாறும் நேரம் மிச்சம்.

நேராக எழுத விடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு மெய்நிகர் கணினி தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கார்டை எழுதவைத்தால் என்ன ஆகும்? அதைத் தடுக்கவே பிராசஸரில் ஐஓஎம்எம்யு என்ற காவல் பகுதி இருக்கிறது. இன்டெல் இதை விடி-டி என்று அழைக்கிறது. அது இயங்காவிட்டால், விர்ச்சுவல் ஃபங்ஷனை மெய்நிகர் கணினியிடம் கொடுக்கவே முடியாது.

ஐந்து இடங்களில் ஒரே பேச்சு

ஓபன்ஸ்டாக்கில் எஸ்ஆர்-ஐஓவி வசதி 2014 அக்டோபரில் வந்த ஜூனோ பதிப்பில் நுழைந்தது. அமைப்பது கடினமல்ல. ஆனால், ஐந்து இடங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்.

முதலாவது, சர்வரின் பயாஸ்: விடி-டி, எஸ்ஆர்-ஐஓவி இரண்டையும் அங்கே இயக்க வேண்டும். இரண்டாவது, லினக்ஸ்: துவங்கும்போதே ஐஓஎம்எம்யுவைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். அதன்பின் கார்டுக்குரிய ஒரு சிறிய கோப்பில் எத்தனை விர்ச்சுவல் ஃபங்ஷன் வேண்டும் என்ற எண்ணை எழுதினால் போதும், அவை உடனே தோன்றிவிடும். சர்வரை அணைத்துப் போட்டால் அவை மறைந்தும் போகும். ஒவ்வொரு முறையும் தானாக உருவாகும்படி விதி எழுதி வைப்பது அவசியம்.

மூன்றாவது, ஓபன்ஸ்டாக்கில் மெய்நிகர் கணினிகளை உருவாக்கும் நோவா. எந்தக் கார்டைக் கொடுக்கலாம், அது எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று அதன் பட்டியலில் இருக்க வேண்டும். நான்காவது, அதில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் நியூட்ரான். இதில் எஸ்ஆர்-ஐஓவிக்கான டிரைவரைச் சேர்த்து, 'டைரக்ட்' வகையில் ஒரு போர்ட்டை முன்கூட்டியே உருவாக்கி, அதன் பிறகே அந்தப் போர்ட்டோடு மெய்நிகர் கணினியைத் துவக்க வேண்டும். ஐந்தாவது, அந்தக் கணினியின் உள்ளே இருக்கும் இயங்குதளம்: அந்த விர்ச்சுவல் ஃபங்ஷனுக்கான டிரைவர் அதில் இல்லையென்றால் எல்லாம் வீண்.

நோவாவின் பட்டியலில் நெட்வொர்க்கின் பெயரை ஓர் எழுத்து மாற்றி எழுதினாலும் 'நோ வேலிட் ஹோஸ்ட்' என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும். எந்த இடத்தில் கோளாறு என்று அந்த வரி சொல்லாது. மேற்சொன்ன வரிசையில் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவதே குறுக்குவழி.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரண்டு பிராசஸர் உள்ள சர்வரில் கார்டு அவற்றில் ஒன்றோடுதான் இணைந்திருக்கும். மெய்நிகர் கணினி மற்றதில் ஓடினால் ஒவ்வொரு பாக்கெட்டும் குறுக்கே கடந்து வர வேண்டும். மிச்சம் பிடித்த நேரம் அங்கே கரைந்துவிடும்.

வேகத்தின் விலை

மென்பொருள் ஸ்விட்ச் தாமதத்தை மட்டுமா தந்தது? காவலும் அதுதான் செய்தது. எந்தப் போர்ட் திறந்திருக்கலாம், யார் உள்ளே வரலாம் என்ற ஓபன்ஸ்டாக்கின் பாதுகாப்பு விதிகள் அந்த வழியில் வரும் பாக்கெட்டுகள் மீதே செயல்படும். அதைத் தாண்டிப் போகும் பாக்கெட்டுக்கு அவை பொருந்தா. பொய் முகவரி காட்டுவதைத் தடுப்பது, நெட்வொர்க்குகளைப் பிரிக்கும் விலான் அடையாளத்தை ஒட்டுவது போன்ற சிலவற்றைக் கார்டு செய்துகொடுக்கும். மற்றவற்றை மெய்நிகர் கணினிக்குள்ளேயோ வெளி ஸ்விட்சிலோ அமைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த இழப்பு, இடமாற்றம். ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமலே வேறு சர்வருக்கு நகர்த்துவது கிளவுடின் பெரிய வசதி. ஆனால், விர்ச்சுவல் ஃபங்ஷன் ஒரு குறிப்பிட்ட கார்டின் பகுதி. அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. 2019இல் வந்த ஓபன்ஸ்டாக்கின் ட்ரெயின் பதிப்பில், புறப்படும் இடத்தில் கழற்றி, போய்ச் சேர்ந்த இடத்தில் புதிதாக ஒன்றைப் பொருத்தும் ஏற்பாடு வந்தது. இடையில் இணைப்பு அறுந்துதான் சேரும்.

அமேசான் தன் கிளவுடில் 2013லேயே எஸ்ஆர்-ஐஓவியைக் கொண்டுவந்தது. 2016இல் மும்பையில் தரவு மையங்களையும் திறந்தது. அங்கே மேற்சொன்ன தலைவலி அவர்களுடையது. சொந்தக் கிளவுட் வைத்திருப்பவர்களுக்கோ எல்லாம் சொந்தத் தலைவலி. ஆகவே, எல்லா மெய்நிகர் கணினிக்கும் இதைக் கொடுப்பது தவறு. வினாடிக்கு லட்சக்கணக்கில் பாக்கெட் கையாளும் சிலவற்றுக்கு மட்டும் நேரடி வழி. மற்றவற்றுக்குப் பழைய ஸ்விட்ச். அளந்து பார்க்காமல் இதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

மாதுங்கா விஜேடிஐயிலும் செம்பூர்க் கல்லூரிகளிலும் கணினி படிக்கும் பிள்ளைகள், இதைக் கற்க விலையுயர்ந்த கார்டு வேண்டுமே என்று தயங்க வேண்டாம். 2023 ஏப்ரலில் வந்த க்யூஇஎம்யு 8.0, எஸ்ஆர்-ஐஓவி உள்ள இன்டெல் கார்டு ஒன்றை மென்பொருளிலேயே நடித்துக் காட்டுகிறது. சொந்த லேப்டாப்பில் லினக்ஸும் இந்த இலவச மென்பொருளும் இருந்தால் போதும். வேகம் கிடைக்காது; ஆனால், விர்ச்சுவல் ஃபங்ஷனை உருவாக்குவதிலிருந்து மெய்நிகர் கணினியிடம் ஒப்படைப்பதுவரை கற்றுக்கொள்ளலாம். இந்த வார இறுதியிலேயே தொடங்கிப் பாருங்கள்.