மூடிய பெட்டியும் முளைக்கும் ஐயமும்

கொழும்பின் வடக்கே, களனி கங்கைக்கு அப்பால், வத்தளையை அடுத்துள்ள ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ இயங்கிவந்தது. ‘சுஜாதா’ (1953), ‘சந்தேசய’ (1960) முதலான சிங்களப் படங்களைத் தயாரித்த கே. குணரத்தினம் என்னும் தமிழருக்கு அது சொந்தமானது. 1983 யூலை வன்செயலின்போது அந்நிலையம் எரியூட்டப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. தன் சொந்த மொழிக் கலையின் நினைவையே ஒரு கூட்டம் தீயிட்டமை எங்ஙனம் நிகழ்ந்தது? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுவோமாயின், துயரத்துக்கும் சதி பற்றிய நம்பிக்கைக்கும் இடையிலான உறவை ஆராய வேண்டியவராகின்றோம். அவ்வாராய்வுக்குத் துணைபுரியும் சிறு படமொன்று நம் நாட்டிலேயே உண்டு.

அதனை நோக்குமுன் படவகை பற்றிச் சிறிது கூறுதல் தகும். உளவியல் மர்மப்படம் பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று. ஒரு வீடு, சில மனிதர், மறைக்கப்பட்ட ஓர் உண்மை ஆகியன இருந்தாற் போதும். காட்டப்படாததே அதன் மூலதனம். ஈழத்துத் தமிழ்ப் படங்களின் தொடக்க காலத்திலேயே, 1966இல், எம். வேதநாயகம் ‘கடமையின் எல்லை’ என்ற படத்தில் சேக்ஸ்பியரின் ஹம்லெற் நாடகத்தைத் தழுவினார். தந்தையை இழந்த ஹம்லெற் அம்மரணத்தின் பின்னே சதியொன்று இருப்பதாக ஐயுறுகிறான். எனினும் ஆவியின் வாக்கை அவன் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. அரண்மனையில் நாடகமொன்றை நடிப்பித்து, சிற்றப்பனின் முகக்குறிப்பைச் சோதிக்கிறான். ஐயத்தைச் சோதனைக்கு உட்படுத்தும் இவ்வியல்பை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

நாம் கருதும் படம், பிரசன்ன விதானகே நெறிப்படுத்திய ‘புரஹந்த களுவர’ (1997) ஆகும். பௌர்ணமி நாளின் இருள் என்பது பெயரின் பொருள். ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் நிதியுதவியுடன் உருவான எளிய படம் இது. இதனை மர்மப்படமென எவரும் வகைப்படுத்துவதில்லை. ஆயினும் அதன் உள்ளமைப்பு அத்தகையதே. வறட்சியுற்ற கிராமமொன்றில் வாழும் கண்பார்வையற்ற முதியவர் வன்னிஹாமி. இராணுவத்திற் சேர்ந்த மகனின் உடல் எனக் கூறி, முத்திரையிடப்பட்ட பெட்டியொன்று வருகிறது. அதனைத் திறத்தலாகாது என்பது கட்டளை. ஊரார் அழுது அடக்கம் செய்கின்றனர். தந்தையோ மகன் இறந்தானென நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுப் பணத்துக்கான பத்திரத்திலும் ஒப்பமிட மறுக்கிறார். வறுமையில் உழலும் குடும்பத்தாருக்கும் ஊராருக்கும் அவரது மறுப்பு மனப்பிறழ்வாகவே தோன்றுகிறது. இறுதியில் அவர் மண்வெட்டியுடன் சென்று புதைகுழியைத் தோண்டத் தொடங்குகிறார். திறக்கப்பட்ட பெட்டியினுள் மகனின் உடல் இல்லை, வாழைக்குற்றிகளே கிடக்கின்றன. மகன் உயிருடன் உள்ளானா என்பதைப் படம் கூறுவதில்லை.

வன்னிஹாமியாக நடித்த ஜோ அபேவிக்கிரம 1999இல் சிங்கப்பூர் திரைப்பட விழாவிற் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். இலங்கையிலோ 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் படத்தின் திரையிடலைத் தடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெற்ற பின்னரே அது மக்களைச் சென்றடைந்தது. மூடிய பெட்டியைப் பற்றிய படமே மூடிய பெட்டிக்குள் வைக்கப்பட்டமை ஈண்டு அவதானிக்கத்தக்கது.

உடல் கிடைக்காத இழப்பை, அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என அழைத்தார். அங்கே துக்கம் தொடங்கவும் முடிவதில்லை, முடியவும் முடிவதில்லை. தன் வாழ்வின் மீது கட்டுப்பாட்டை இழந்த மனம், தொடர்பற்ற நிகழ்ச்சிகளிலும் மறைந்த ஒழுங்கொன்றைக் காண முற்படும் என 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான விற்சன், கலின்ஸ்கி ஆகியோரின் ஆய்வு காட்டிற்று. எனவே சதி நம்பிக்கைக்குத் துயரம் வளமான நிலமாகும். ஆயின் அந்நிலத்தில் விதை விழுவது சான்று மறைக்கப்படும்போதேயாம். இவ்விடத்து இருவகை ஐயங்களை நாம் வேறுபடுத்தல் வேண்டும். ஒன்று மண்வெட்டியை எடுக்கும் ஐயம். அது சான்றைக் கோரி நிற்பது. மற்றையது குழியைத் தோண்டாமலே குற்றவாளியைக் கண்டுகொள்ளும் ஐயம். அது சான்றை அஞ்சுவது.

இரண்டாவது வகையின் கோரத்தை 1983இற் கண்டோம். யூலை 23இல் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டனர். மறுநாள் பொரளை கனத்தை மயானத்திற் பெருங்கூட்டம் காத்திருந்தது. உடல்கள் குறித்த நேரத்தில் வரவில்லை. அடக்கமும் அங்கு நடைபெறவில்லை. அத்துயரத்திடையே வதந்தி பரவிற்று. அன்றிரவே தீ எழுந்தது. யூலை 29இல், புலிகள் கொழும்புக்குள் புகுந்துவிட்டனர் என்ற வதந்தி மீண்டும் பல உயிர்களைக் குடித்தது. வதந்தியே முழுக் காரணமென நாம் கூறவில்லை. வாக்காளர் பட்டியல்களைக் கையிலேந்தித் தமிழர் வீடுகளைத் தேடி வந்தோர் திட்டமிட்டே வந்தனர். துயருற்ற கூட்டத்தின் நம்பிக்கை அவர்களுக்கு விறகாயிற்று. ஹெந்தளையில் எரிந்தது அவ்விறகினாலுமே.

முதல்வகை ஐயத்தை இன்று வடக்கிலும் கிழக்கிலும் காண்கிறோம். 2009 மே மாதத்திற் பிள்ளைகளைத் தம் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்த தாய்மார், 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடர்போராட்டத்தை ஆரம்பித்தனர். இரகசிய முகாம்களிற் பிள்ளைகள் உயிருடன் இருப்பதாக அவருட் பலர் நம்பினர். 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்றார். எங்கே, எவ்வாறு, யாரால் என்பவற்றுக்கு விடை இல்லை. இத்தாய்மாரின் நம்பிக்கையை மனநோயென ஒதுக்குவோர், வன்னிஹாமியைப் பித்தரெனக் கருதிய ஊராரை ஒத்தவராவர். அவர்கள் கேட்பது ஒப்படைக்கப்பட்டோரின் பெயர்ப்பட்டியல், அதாவது, சான்று.

சதி நம்பிக்கையை அறிவுரையால் மட்டும் போக்குதல் இயலாது. பெட்டியை மூடிவைத்திருப்போர் அதனைத் திறத்தல் வேண்டும். பார்வையற்ற முதியவர் ஒருவர் மண்வெட்டியுடன் தனித்து நிற்கையில், அவருக்குக் கைகொடுப்பதே அறிவுலகின் கடமையென நாம் கருதுகின்றோம்.